மறைத்த சேதமே பெரிய சேதம்

(சென்னைப் புறநகரில் ஒரு நூலக வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாடகைக்கு விட்ட வீட்டுக்கு நேரும் சேதத்தைப் பற்றியும், தொல்லை தரும் குடித்தனக்காரர்களைப் பற்றியும் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். முன் வரிசைகளில் வீட்டு உரிமையாளர்கள் பலர் அமர்ந்திருப்பது தெரிகிறது. வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்களும் வந்திருக்கின்றன. நான் இருபத்திரண்டு ஆண்டுகள் வாடகை வீடுகளில் வாழ்ந்தவன். பதினாறு ஆண்டுகளாக என் வீட்டின் மாடியை வாடகைக்கு விட்டு வருகிறவன். இரண்டு பக்கத்து வலியும் எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் பேச வந்திருக்கிறேன்.

என் வீட்டில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

நாங்கள் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். ஓர் ஐப்பசி மாதம், எங்கள் சமையலறைக் கூரைத் தளத்தின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரக்கறை தெரிந்தது. அடைமழைக் காலம். வெளிச்சுவர் வழியாக மழைநீர் இறங்குகிறது என்று நினைத்தேன். கொத்தனாரும் அதையே சொன்னார். தை பிறந்ததும் சாரம் கட்டி, வெளிச்சுவர் வெடிப்புகளைப் பூசி, நீர் புகாத பெயின்ட் அடித்தோம். கறை நிற்கவில்லை. மாசியில் ஒரு முழம் ஆயிற்று. பங்குனியில், ஒரு பொட்டு மழை இல்லாத வெயிலில், காரை உப்பிக்கொண்டு நின்றது. ஒரு நாள் காலை அந்தக் காரை பெயர்ந்து அடுப்பு மேடையில் விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்துச் செந்நிறமாகத் தெரிந்தது. என் மனைவி அப்போதுதான் அடுப்படியை விட்டு நகர்ந்திருந்தாள்.

மழையில்லாத மாதத்தில் ஈரம் வளர்ந்தால் அது மழைநீராக இருக்க முடியாது. மாடிக்குப் போனேன். மேலே ஓர் இளம் தம்பதி, நாலு வயதுக் குழந்தையோடு. தேதி தவறாமல் வாடகை தருகிறவர்கள், சத்தம் போட்டுப் பேசாதவர்கள். அவர்கள் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தைப் பிளம்பர் கழற்றினார். அதன் பின்னால் ஒரு திருகாணித் துளை. பசை வைத்து அடைத்திருந்தார்கள். பசையின் ஓரத்தில் நீர் முத்து முத்தாகத் துளிர்த்துக்கொண்டிருந்தது. இயந்திரத்தை மாட்ட வந்தவர் துளை போட்டபோது, சுவருக்குள் ஓடும் குழாயில் துரப்பணம் இறங்கிவிட்டது. நடந்தது ஆவணி மாதம். ஏழு மாதங்களாக அந்தச் சுவர் உள்ளுக்குள்ளேயே கசிந்திருக்கிறது.

அன்றே சொல்லியிருந்தால் சுவரை ஓரடி உடைத்துக் குழாயை மாற்றியிருப்போம். கூலியும் சாமானும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்கூட ஆகியிருக்காது. எனக்குக் கடைசியில் ஆன செலவு நாற்பத்தாறாயிரம்.

“ஏன் சொல்லலை தம்பி?” என்று கேட்டேன். தலை குனிந்து நின்றார். அவருடைய மனைவிதான் பதில் சொன்னார்: “சொன்னா அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவீங்கன்னு பயந்துட்டோம் சார். போன வீட்ல ஒரு கண்ணாடி உடைஞ்சதுக்கு எட்டாயிரம் பிடிச்சாங்க.”

என் கோபம் அந்தப் பதிலில் திசை மாறியது. குழாயைத் துளைத்தது கைத்தவறு. நாற்பத்தாறாயிரம் ரூபாய்ச் சேதத்தைச் செய்தது அந்தப் பயம். அந்தப் பயத்தை வளர்த்ததில் முந்தைய வீட்டுக்காரருக்குப் பங்கு உண்டு. என் பங்கும் உண்டு. சுவரில் குழாய் எங்கே ஓடுகிறது என்று நான் அவர்களுக்குக் காட்டியதே இல்லை. ஏதாவது பழுதானால் உடனே சொல்லுங்கள் என்று வாய் திறந்து கேட்டதும் இல்லை.

அன்றிலிருந்து நான் நம்பும் ஒன்றைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன். வாடகை வீட்டில் சேதம் நேரத்தான் செய்யும். அதைப் பெரிதாக்குவது மௌனம். குடியிருப்பவர் பயமில்லாமல் முதல் நாளே வந்து சொல்லும்படி ஏற்பாடு செய்கிறவர்தான் தன் வீட்டைக் காப்பாற்றுகிறார்.

இந்தப் பயத்தின் வேர் முன்பணத்தில் இருக்கிறது. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது நெடுநாள் வழக்கம். பன்னிரண்டாயிரம் வாடகைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது நகையை அடகு வைத்துத் திரட்டிய பணம். அதை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அவருடைய நல்லெண்ணத்தை நம்பி வாழும்போது, உடைந்ததைச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? இன்றைய தமிழ்நாட்டுச் சட்டம் முன்பணத்துக்கு அளவாகச் சொல்வது மூன்று மாத வாடகை. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. உரிமையாளர்களே, முன்பணம் நம் பணமன்று. நம்மிடம் ஒப்படைத்து வைத்த பணம். அதை மகளின் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டு, அடுத்த குடித்தனம் வந்தால்தான் தருவேன் என்று சொல்வது முறையாகாது.

அடுத்து, எது சேதம், எது தேய்மானம் என்ற கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் மூளுகின்றன.

1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 108ஆம் பிரிவு சொல்வது, வாடகைக்கு எடுத்தவர் வீட்டை வாங்கிய நிலையிலேயே வைத்திருந்து திருப்பித் தர வேண்டும் என்பது. நியாயமான தேய்மானத்துக்கும், மனிதனால் தடுக்க முடியாத சக்தியால் வரும் கேட்டுக்கும் அதில் விலக்கு உண்டு. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் அளவுகோல் இது. நம் வீடுகளில் வைத்துப் பார்ப்போம்.

மூன்று வருடத்தில் சுவரின் பெயின்ட் மங்குவது தேய்மானம். குழந்தை சுவர் முழுக்கக் கிரேயானால் கிறுக்கியிருந்தால் அது சேதம். குளியலறைக் கதவின் அடிப்பாகம் பல வருட ஈரத்தில் ஊதிப்போவது தேய்மானம். அந்தக் கதவில் உதைத்த ஓட்டை விழுந்திருந்தால் சேதம். நாள்காட்டி மாட்ட ஓர் ஆணி அடித்தது வாழ்க்கை. டைல்ஸில் துளை போட்டு அதை வெடிக்க விட்டது சேதம். பத்து வருடத்துக் குழாய் வாஷர் தேய்வது இயல்பு. சிங்க்கில் சோற்றையும் காப்பித்தூளையும் கொட்டிக் கொட்டிச் சாக்கடை அடைத்துக்கொண்டால் அது பராமரிக்காத குறை. கடப்பைக்கல் மேடையின் நடுவில் தேங்காயை ஓங்கி உடைத்துக் கல்லைப் பிளந்தால், அதற்குப் பொறுப்பு உடைத்தவருடையது.

தேய்மானத்தின் செலவை வாடகையிலேயே நாம் வாங்கிவிடுகிறோம். காலி செய்யும்போது ‘பெயின்டிங் சார்ஜ்’ என்று எல்லோரிடமும் ஒரு மாத வாடகையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பது, நல்ல குடித்தனத்துக்கும் கெட்ட குடித்தனத்துக்கும் ஒரே தண்டனை கொடுப்பது. எப்படி வைத்திருந்தாலும் பிடிக்கத்தான் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு, வீட்டை ஏன் பார்த்துப் பார்த்து வைத்திருக்க வேண்டும்?

இந்த அளவுகோலைப் பயன்படுத்த ஒன்று வேண்டும்: முதல் நாள் வீடு எப்படி இருந்தது என்ற பதிவு. அது இல்லாதபோது, “வரும்போதே இப்படித்தான் இருந்தது” என்று ஒருவரும், “பளிங்கு மாதிரி கொடுத்தேன்” என்று மற்றவரும் சொல்வார்கள். இரண்டு பேரும் தாங்கள் சொல்வதே உண்மை என்று மனதார நம்புவார்கள்.

நம்மிடம் ஓர் அழகான வழக்கம் இருக்கிறது. புது வீட்டுக்குக் குடிவரும் முன் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுகிறோம். அந்த நேரத்தில் வீடு காலியாக இருக்கும். பீரோ இல்லை, கட்டில் இல்லை. ஒவ்வொரு சுவரும் மூலையும் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பால் பொங்கிய பிறகு, உரிமையாளரும் குடிவருபவரும் அரை மணி நேரம் சேர்ந்து வீட்டைச் சுற்றி வாருங்கள். கைபேசியில் அறை அறையாகப் படம் எடுங்கள். எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள். சுவிட்சுகளைப் போட்டுப் பாருங்கள். ஜன்னல் கொசுவலை கிழிந்திருந்தால் கிழிந்தது என்று எழுதுங்கள். மின்விசிறி எத்தனை, சாவி எத்தனை, மின்மீட்டரில் எண் என்ன என்று குறியுங்கள். சுவருக்குள் குழாயும் ஒயரும் போகும் இடத்தைக் காட்டி, இந்தக் கோட்டில் துளை போடாதீர்கள் என்று சொல்லுங்கள். கடைசியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது இதைத்தான் செய்கிறேன். வெட்கப்பட வேண்டியதில்லை. எழுத்து இருந்தால் பேச்சு குறையும்.

ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை. பதினோரு மாத ஒப்பந்தம் போடும் வழக்கம் ஏன் வந்தது? 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கக் கண்டுபிடித்த வழி பதினோரு மாதம். இப்போது நிலைமை வேறு. 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு சொத்து உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, எந்த வாடகையும் எழுத்து ஒப்பந்தத்தில்தான் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். முத்திரைத்தாளில் எழுதி அலமாரியில் பூட்டி வைத்தால் போதாது.

அந்தச் சட்டத்தில் உள்ள ஓர் அட்டவணை எந்தப் பழுது யாருடையது என்று பிரித்துச் சொல்கிறது. கட்டட அமைப்பைச் சேர்ந்த பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய்களை மாற்றுவது, மின் ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்சு, பிளக், பூட்டு, உடைந்த கண்ணாடி, கொசுவலை போன்ற அன்றாடப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. வாடகைதாரர் வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ வீட்டைச் சேதப்படுத்தக் கூடாது. சேதம் நேர்ந்தால் விரைவில் உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஏழு மாதம் கசிந்த என் சுவருக்குத் தேவைப்பட்ட வரி, சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் இதை எழுதும்போது கூடவே இன்னொரு வரியும் சேருங்கள்: உடனே தெரிவித்த கைத்தவறுக்கு, பழுது பார்த்த ரசீது அளவுக்கு மேல் ஒரு ரூபாயும் பிடிக்கமாட்டேன். அந்த ஒரு வரி பயத்தை எடுத்துவிடும்.

வீட்டைப் பார்வையிடவும் நமக்கு உரிமை உண்டு. ஆனால் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன்னால் அறிவிக்க வேண்டும். நம் வீடுதானே என்று மாற்றுச் சாவியைப் போட்டுத் திறப்பதும், அவர்கள் இல்லாத நேரத்தில் உள்ளே போய்ப் பார்ப்பதும் தவறு. வாடகை வாங்கும் வரை அது அவர்களுடைய இல்லம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அவர்களுக்கு வசதியான நாளில், பிளம்பரையும் கூட்டிக்கொண்டு போய்க் குழாய்களையும் தளத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். குறை கண்டுபிடிக்க வந்த முகத்தோடு போகாதீர்கள்.

இதெல்லாம் செய்தும் தொல்லை தரும் குடித்தனம் வரும். வாடகையை மாதக்கணக்கில் நிறுத்துகிறவர் உண்டு. சொல்லாமல் உள்வாடகைக்கு விடுகிறவர் உண்டு. குடியிருக்க எடுத்த வீட்டில் தொழில் நடத்தித் தரையைப் பாழாக்குகிறவர் உண்டு. மின்கட்டண பாக்கியை விட்டுவிட்டு இரவோடு இரவாகப் போகிறவரும் உண்டு. இணைப்பு உரிமையாளர் பெயரில் இருப்பதால் அந்தப் பாக்கி நம் தலையில் விழும். ஓய்வூதியமும் இந்த வாடகையும் மட்டுமே வருமானமாக இருக்கும் முதியவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது சாப்பாட்டுப் பிரச்சினை. அதை நான் சிறிதாக்கிப் பேச வரவில்லை.

அப்போது செய்யக் கூடாத ஒன்றை முதலில் சொல்கிறேன். தண்ணீரை நிறுத்தாதீர்கள். மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். வெளியே போயிருக்கும்போது பூட்டை மாற்றாதீர்கள். சாமானைத் தெருவில் வைக்காதீர்கள். ஆளை வைத்து மிரட்டாதீர்கள். அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தாலும், மோட்டாரை நிறுத்திய அந்த மாலையிலிருந்து குற்றம் உங்கள் பக்கம் வந்துவிடும். அந்த வீட்டில் குழந்தைகளும் இருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது என்ன? வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் எழுத்தில் கேளுங்கள். படத்தோடும் தேதியோடும் அறிவிப்பு அனுப்புங்கள். இரண்டு மாத வாடகை பாக்கி, அனுமதியில்லாத உள்வாடகை, அறிவிப்புக்குப் பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகியவை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் வெளியேற்றத்துக்கான காரணங்கள். இதற்காகவே வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்ற மூன்று அடுக்குகள் இருக்கின்றன. வாடகைக்காலம் முடிந்தும் காலி செய்ய மறுப்பவரிடம் இரு மடங்கு வாடகையை இழப்பீடாகக் கேட்கலாம்.

நம்மில் பலருக்கு இதில் நம்பிக்கை வருவதில்லை. காரணம் புரிகிறது. போர்க்காலத்து வீட்டுப் பஞ்சத்தில் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு, 1960ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைத்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இருந்தது. வீட்டை மீட்க ஒரு தலைமுறை ஆகும் என்ற பேச்சு அந்தக் காலத்தில் ஊறியது. அந்தப் பயத்தில் வீட்டைப் பூட்டியே வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் மட்டும் ஏறக்குறைய 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் பயம் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பூட்டிய வீட்டிலும் சேதம் நடக்கும். கரையான் வாடகை தராது.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கினால் அது தவறு. தொல்லையைத் தவிர்ப்பதாக நினைத்து நாம் கேட்கும் கேள்விகள் என்னென்ன? “நீங்க என்ன ஆளுங்க?” “சைவமா, அசைவமா?” “கல்யாணம் ஆயிடுச்சா?” பதினாறு ஆண்டுகளில் என் வீட்டுக்கு வந்த குடித்தனங்களை நினைத்துப் பார்க்கிறேன். மேடைக்கல்லைப் பிளந்துவிட்டுச் சொல்லாமல் போனவர் எங்கள் சொந்தபந்தத்தின் சிபாரிசில் வந்தவர். வீட்டைக் கண்ணாடி போல வைத்திருந்து, போகும்போது குழாய் வாஷரைக்கூட மாற்றிவிட்டுப் போனவர்கள், வேறெங்கும் வீடு கிடைக்காமல் மூன்று மாதம் அலைந்த நான்கு இளைஞர்கள். சாதியையும் மதத்தையும் சாப்பாட்டையும் பார்த்து வீடு கொடுப்பது மனிதரை அவமதிக்கும் செயல். வீட்டைக் காப்பாற்றவும் அது உதவாது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எங்கே வேலை? வாடகையைத் தாங்கும் வருமானமா? முந்தைய வீட்டுக்காரரிடம் பேசலாமா? எத்தனை பேர் குடியிருப்பீர்கள்? இவற்றைக் கேளுங்கள். அடையாளச் சான்றைச் சரிபாருங்கள்.

குடியிருக்கும் நண்பர்களுக்கும் சொல்கிறேன். வாடகை வீடுதானே என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அந்த வீட்டுக்குப் பின்னால் ஒருவருடைய முப்பது வருடச் சேமிப்பு இருக்கிறது. துளை போடும் முன் ஒரு போன் செய்யுங்கள். கசிவைக் கண்டால் அன்றே சொல்லுங்கள். சொன்னதைத் தேதியோடு வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். அது உங்களுக்கும் பாதுகாப்பு. காலி செய்யும் நாளில், சாமான் ஏற்றிய பிறகு, முதல் நாள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் மறுபடி ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். பிடித்தம் இருந்தால் ரசீதோடு கேளுங்கள். உரிமையாளரும் ரசீதோடு சொல்லட்டும்.

அந்த இளம் தம்பதி இன்னும் எங்கள் மாடியில்தான் இருக்கிறார்கள். செலவில் ஒரு பங்கைத் தாங்களே தருவதாகச் சொன்னார்கள். குழாய் மாற்றிய கூலியை மட்டும் வாங்கிக்கொண்டேன். போன மாதம் இரவு ஒன்பதரைக்கு அந்தப் பெண் கதவைத் தட்டினார். “சார், பாத்ரூம் குழாய்ல லேசா ஒழுகுது, இப்பவே சொல்லிடலாம்னு வந்தேன்” என்றார். மறுநாள் காலை அறுபது ரூபாயில் முடிந்தது.

உரிமையாளர்களே, உங்கள் கதவை இரவு ஒன்பதரைக்கும் தயங்காமல் தட்டலாம் என்ற நம்பிக்கையைக் குடியிருப்பவருக்குக் கொடுங்கள். குடியிருப்பவர்களே, தயங்காமல் தட்டுங்கள்.